கேள்வி – பதில்: கருவில் நரம்பு செல்கள் ஏன் சாகின்றன?

கேள்வி: எனக்கு இப்போது ஐந்தாவது மாதம். வயிற்றில் இருக்கும் குழந்தையின் நரம்பு செல்களில் பாதி பிறப்பதற்கு முன்பே செத்துப்போகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதிலிருந்து தூக்கமே வரவில்லை. என் சாப்பாட்டில் ஏதாவது குறையா? இதைத் தடுக்க வழி இல்லையா?

பதில்: முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள் சகோதரி. இது உங்கள் சாப்பாட்டால் வருவது இல்லை, நோயும் இல்லை, தடுக்கவும் கூடாது. எல்லா இடத்திலும் சரியாகப் பாதி என்பதும் கிடையாது, நரம்பு மண்டலத்தின் ஒவ்வொரு பகுதியிலும் கணக்கு வேறு. ஏன் சாகின்றன என்பதை அந்த வீடியோ சொல்லாமல் விட்டதுதான் எனக்குக் கோபம், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது.

1934-ல் விக்டர் ஹாம்பர்கர் என்ற விஞ்ஞானி, முட்டைக்குள் வளரும் கோழிக்குஞ்சின் கருவில் இறக்கை முளைக்கும் மொட்டை வெட்டி எடுத்துப் பார்த்தார். அந்த இறக்கைக்குப் போக வேண்டிய நரம்பு செல்கள் தண்டுவடத்தில் அந்தப் பக்கம் மட்டும் குறைந்துபோயின. இறக்கை இல்லாததால் செல்கள் உருவாகவே இல்லை என்று அவர் நினைத்தார். இத்தாலியில் ரீட்டா லெவி-மொண்டால்சினி அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, அதே சோதனையைத் தானும் செய்தார். அவர் யூதப் பெண். 1938-ல் வந்த முசோலினியின் இனச் சட்டங்கள் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியே தள்ளியிருந்தன. டுரின் நகரில் தன் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கி, தையல் ஊசியைத் தீட்டிக் கத்தியாக்கி, போர் நடந்துகொண்டிருக்கும்போதே கருவை நாள்வாரியாகப் பார்த்தார். செல்கள் ஒழுங்காகத்தான் உருவாகின்றன, இழையை நீட்டுகின்றன, போய்ச் சேர இடம் இல்லாததால் அப்புறம் சாகின்றன என்பது அவருக்குத் தெரிந்தது. தன் விளக்கத்துக்கு மாறாகச் சொன்ன அந்தப் பெண்ணை ஹாம்பர்கரே 1947-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸுக்கு வரவழைத்தார். சில மாதங்களுக்கென்று போனவர் முப்பது ஆண்டு அங்கே வேலை பார்த்தார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

போய்ச் சேரும் இடம் அப்படி என்ன கொடுக்கிறது? எலியின் ஒரு வகைப் புற்றுக்கட்டியைப் பக்கத்தில் வைத்தால் கோழிக் கருவின் நரம்பு இழைகள் தாறுமாறாக வளர்வதை ரீட்டா கவனித்தார். 1952-ல் ரியோ டி ஜெனிரோவில், கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்த நரம்பு முடிச்சுக்கு (நரம்பு செல்கள் கூட்டமாக இருக்கும் முண்டு) அருகே அந்தக் கட்டித் துண்டை வைத்தபோது, ஒரே நாளில் முடிச்சைச் சுற்றி ஒளிவட்டம் போல இழைகள் கிளம்பின. அதற்குக் காரணமான பொருள் ஒரு புரதம் என்று அவருடன் வேலை பார்த்த ஸ்டான்லி கோஹன் கண்டுபிடித்தார். பாம்பு விஷத்திலும் ஆண் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அது ஏராளமாக இருந்தது. நரம்பு வளர்ச்சிக் காரணி என்று பெயர். அதைச் செயலிழக்க வைக்கும் எதிர்ப்பொருளைப் பிறந்த எலிக்குட்டிக்கு ஊசி போட்டால், பரிவு நரம்பு செல்கள் (இதயத் துடிப்பு போன்றவற்றைத் தானாக இயக்குபவை) கிட்டத்தட்ட மொத்தமாக அழிந்துவிடுகின்றன. ரீட்டா, கோஹன் இரண்டு பேருக்கும் 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது.

தசையோ தோலோ இந்த மாதிரிப் புரதங்களைக் கொஞ்சமாகத்தான் சுரக்கும். இழையின் நுனி அதை உள்வாங்கி செல்லின் உடலுக்கு அனுப்பும். கிடைத்த செல் பிழைக்கும், கிடைக்காதது தனக்குள்ளேயே இருக்கும் ஒரு நிரலை ஓடவிட்டு அடங்கிவிடும். ஒரு தசை எவ்வளவு பெரிதாக வளரும் என்பது தண்டுவடத்தில் இருக்கும் செல்லுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அதனால்தான் உடல் தாராளமாக உண்டாக்கிவிட்டு, வேண்டிய அளவை மட்டும் வைத்துக்கொள்கிறது. கோழிக் கருவில் கூடுதலாக ஒரு காலை ஒட்டவைத்தால், சாகவேண்டிய செல்களில் ஒரு பங்கு பிழைத்துக்கொள்கிறது என்பதையும் பின்னாளில் பார்த்துவிட்டார்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு வகைச் சாவைப் பற்றி. மது, கருவின் நரம்பு செல்களை அளவுக்கு மீறிக் கொல்லும். அது வேண்டவே வேண்டாம். டாக்டர் கொடுத்த மாத்திரைகளை விடாமல் சாப்பிடுங்கள்.

கேள்வி: சரி, பிழைத்த செல்லின் இழை சரியான இடத்துக்குத்தான் போகிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

பதில்: ரோஜர் ஸ்பெரி என்ற விஞ்ஞானி 1940-களில் செய்த சோதனை ஒன்று இருக்கிறது. தவளையின் பார்வை நரம்பை வெட்டி, கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். நரம்பு திரும்ப வளர்ந்தது, பார்வையும் வந்தது, ஆனால் மேலே ஈ இருந்தால் தவளை கீழே பாய்ந்தது. எத்தனை முறை தவறவிட்டும் திருத்திக்கொள்ளவில்லை. ஆக, ஒவ்வொரு இழையும் மூளையில் தன் பழைய இடத்தையே தேடிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பழக்கத்தால் வருவது இல்லை, வேதி அடையாளத்தால் வருவது என்றார். 1990-களில் எஃப்ரின் என்ற புரதங்கள் கிடைத்தபோது அவர் சொன்னது உறுதியானது. மூளைப் பரப்பில் அவை ஒரு முனையில் அதிகமாகவும் மறுமுனையில் குறைவாகவும் இருக்கும், விழித்திரையிலிருந்து வரும் இழைகளில் அதை உணரும் ஏற்பிகளும் அப்படியே. ஏற்பி அதிகமுள்ள இழை, எஃப்ரின் அதிகமுள்ள இடத்தைவிட்டு விலகும். விலக்குவதாலேயே வழி கிடைக்கிறது!

கேள்வி: என் நான்கு வயது மகனுக்கு ஒரு கண்ணில் பார்வை மந்தம். நன்றாக இருக்கும் கண்ணை மூடச் சொல்கிறார் டாக்டர். இது நியாயமா?

பதில்: நியாயம்தான், உடனே தொடங்குங்கள். வேதி அடையாளம் தோராயமாகத்தான் இணைத்துவிடும், மிச்சத்தை நுணுக்குவது பயன்பாடு. ஹ்யூபெல், வீசெல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1960-களில் பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சில வாரங்கள் தைத்து மூடிப் பிறகு திறந்தார்கள். மூளைப் புறணியில் (மூளையின் வெளி அடுக்கில்) இருந்த செல்கள் அந்தக் கண்ணுக்குப் பதில் தரவே இல்லை, திறந்திருந்த கண் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வளர்ந்த பூனையில் இப்படி ஆகவில்லை. உங்கள் மகனிடம் அந்தப் போட்டியைத்தான் டாக்டர் திருப்பிவிடப் பார்க்கிறார். ஏழு வயதுக்குள் பலன் அதிகம், அதற்குப் பிறகும் சிலருக்குக் கிடைக்கிறது. ஆனால் டாக்டர் சொன்ன மணிக்கணக்கைத் தாண்டாதீர்கள், அதிகமாக மூடினால் நல்ல கண் மந்தமாகலாம்.

கேள்வி: அந்த வளர்ச்சிக் காரணியை மாத்திரையாகச் சாப்பிடலாமா?

பதில்: முடியாது. அது புரதம், வயிற்றில் செரித்துவிடும். ஊசியாகப் போட்டால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது, வலியையும் கிளப்பிவிடும். கருவிழியின் நரம்புகள் கெட்டுப்போகும் ஓர் அரிய நோய்க்குச் சொட்டு மருந்தாக 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கடையில் விற்கும் நரம்பு டானிக்குக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.