பெடல் மிஷின் இருக்கட்டும், முதலில் டயருக்குக் காற்றடியுங்கள்

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்து, மூன்று வருடமாக வீல்சேரில் இருக்கிறார். கைகளில் குறையில்லை. ஆனால் நாள் முழுக்க டி.வி.தான், எடை ஏறுகிறது. உடற்பயிற்சி என்றால் தோள் வலிக்கிறது என்கிறார். காலைச் சுற்றிவிடும் மோட்டார் பெடல் மிஷினை 45 ஆயிரத்துக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதில் உழைப்பது மோட்டார், அவருடைய இதயம் அல்ல. மூட்டு இறுகாமலிருக்க உதவும், அவ்வளவே. அதை நீங்களே தினமும் அவர் கால்களை மடக்கி நீட்டிச் செய்துவிடலாம். ‘நரம்புக்கு உயிர் வந்துவிடும்’ என்று சொல்லியிருப்பார்களே? கடையைக் கைகாட்டியவருக்கு கமிஷன் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

தோள்வலி சாக்கு அல்ல. டயரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் காற்று போதாது, அந்தப் பாரமெல்லாம் தோளில்தான் இறங்கும். அவர் கைகள் கோழிச் சிறகு மாதிரி விரிந்திருக்கின்றனவா? சேர் அகலம் அதிகம். இலவச முகாம்களில் இடுப்பு அளவுகூட எடுக்காமல் ஆளுக்கொன்று கொடுத்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், என்ன செய்ய! சக்கர வளையத்தைக் குட்டிக் குட்டியாகத் தள்ளாமல் நீளமாக ஒரு தள்ளு, அப்புறம் கையைக் கீழே தொங்கவிட்டுப் பின்னால் கொண்டுவரச் சொல்லுங்கள்.

முதுகுத்தண்டு பாதித்தவர்களுக்கான 2018ஆம் ஆண்டு சர்வதேச வழிகாட்டுதல் கேட்பது, ஆரம்பத்தில் வாரம் 2 நாள், 20 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு. கூடவே 2 நாள் தசைப் பயிற்சி. முதலில் ஐந்து நிமிடப் பயிற்சியோடு தொடங்கட்டும். ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி நெஞ்சை நோக்கி இழுக்கட்டும். நாளெல்லாம் தள்ளுகிற தோளுக்கு இழுக்கிற வேலைதான் மருந்து.

ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் முறிவு டி-6 (நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் ஆறாவது எலும்பு) அல்லது அதற்கு மேல் என்றிருந்தால், திடீரென மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்ப்பது ஆபத்து. ரத்த அழுத்தம் எகிறுகிறது. உடனே பயிற்சியை நிறுத்துங்கள். நிமிர்ந்தே உட்காரட்டும், படுக்க வைக்காதீர்கள். சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா என்று பார்த்து, பெல்ட்டைத் தளர்த்துங்கள். பெரும்பாலும் சிறுநீர் தேங்குவதுதான் காரணம். அடங்காவிட்டால் நேரே அவசர சிகிச்சைக்கு. டி-6க்குக் கீழே என்றால் இந்தப் பயம் பெரிதாக வேண்டாம்.

பார்க்குக்குப் போகலாம் என்றால், பைக் நுழையாமலிருக்க வாசலில் நட்ட இரும்புக் குழாய் வீல்சேரையும் மறிக்கும். 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தும் அந்தக் குழாயை யாரும் பிடுங்கவில்லை. அதனால் சாயங்காலம் டீக்கடைக்குக் கிளம்புங்கள். கூடவே நடங்கள், பின்னாலிருந்து தள்ளாதீர்கள்.