கீமோ முதலில், ஆபரேஷன் பிறகு

ஐயா, வணக்கம். குடியாத்தத்தில் தறி வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. அம்மாவுக்கு மார்பில் கட்டி. உள்ளூர் சர்ஜன், இந்த வாரமே எடுத்துவிடலாம் என்றார். பயந்துபோய் வேலூருக்கு வந்தோம். ஊசியால் சதை எடுத்துப் பார்த்து, புற்றுநோய்தான் என்று உறுதி செய்தார்கள். ஸ்கேனும் எடுத்தாயிற்று. ஆனால் முதலில் கீமோ மருந்து, ஐந்து மாதம் கழித்துத்தான் ஆபரேஷன் என்கிறார் இங்குள்ள புற்றுநோய் சர்ஜன். ‘நாள் கடத்துகிறார்கள், ஊரிலேயே எடுத்துவிடலாம்’ என்று சித்தப்பா பிடிவாதம் பிடிக்கிறார். இருவருமே சர்ஜன்தானே, இவர் தனியாக என்ன படித்திருக்கிறார்?

அன்புள்ள தம்பிக்கு,

கீமோவை ஆரம்பியுங்கள். அம்மாவை ஊருக்குத் திருப்பிக் கூட்டிப்போக வேண்டாம்.

உள்ளூர் சர்ஜனை நான் குறைத்துச் சொல்லவில்லை. குடல்வால் வெடித்து நடுராத்திரியில் வருகிறவரைப் பிழைக்க வைப்பது அவர்தான். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், எம்.எஸ். என்ற சர்ஜன் படிப்பு மூன்று வருடம் இருவருக்கும் பொது. புற்றுநோய் சர்ஜன் அதற்கு மேல் எம்.சிஎச். என்று இன்னும் மூன்று வருடம் படிக்கிறார். 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1984-லேயே இந்தப் படிப்பு வந்துவிட்டது.

அந்த மூன்று வருடத்தில் கைத்திறமை மட்டும் வளர்வதில்லை. எப்போது அறுக்க வேண்டும், எவ்வளவு அறுக்க வேண்டும், எப்போது அறுக்கவே கூடாது என்று முடிவெடுக்கப் பழகுகிறார்கள். கீமோ கொடுக்கிற டாக்டர், கதிர்வீச்சு டாக்டர், சதையை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற டாக்டர் எல்லோரோடும் உட்கார்ந்து, ஒவ்வொரு நோயாளிக்கும் எது முதலில் என்று பேசித்தான் முடிவு செய்கிறார்கள்.

ஆபரேஷனில் எடுத்த கட்டியின் ஓரங்களில் மை தடவி லேபில் பார்ப்பார்கள். மை பட்ட ஓரத்தில் புற்றணு இருந்தால், உள்ளேயும் மிச்சம் இருக்கக்கூடும் என்று அர்த்தம். சாதாரணக் கட்டி என்று நினைத்து அவசரத்தில் எடுத்துவிட்டால் நோய் எதுவரை இருந்தது என்ற தடயமே கலைந்துபோகும். மறுபடி அறுக்க நேர்ந்தால் தழும்புக்குள்தான் தேட வேண்டும். முதல் ஆபரேஷனைத் திட்டமிட்டுச் செய்ய வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

அதிகமாக வெட்டினால் அதிகம் குணமாகும் என்று ஒரு காலத்தில் டாக்டர்களே நம்பினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க சர்ஜன் கொண்டுவந்த முறையில் மார்பு, அடியிலுள்ள தசை, அக்குளில் உள்ள நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். பெண்கள் பல பத்தாண்டுகள் அதைத் தாங்கினார்கள். பெர்னார்ட் ஃபிஷர் என்ற சர்ஜன்தான் அதை முறையாகச் சோதித்தார். 2002-ல் வெளியான 20 வருடம் தொடர்ந்து பார்த்த கணக்கில், சிறிய கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களும், மார்பை முழுதாக எடுத்தவர்களும் ஒரே அளவில்தான் உயிரோடு இருந்தார்கள்.

கீமோ முதலில் என்பதற்கும் காரணம் உண்டு. கட்டி சுருங்கினால் மார்பை முழுதாக எடுக்காமல் விட வழி கிடைக்கலாம். மருந்து கேட்கிறதா என்பதும் கண்ணெதிரே தெரியும். அம்மாவுக்குச் சிகிச்சை இப்போதே தொடங்குகிறது, அது கத்தியில் தொடங்கவில்லை, அவ்வளவுதான். சித்தப்பாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவருக்கும் அம்மாவைப் பற்றிய பயம்தான்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. கீமோவுக்கு முன் கட்டிக்குள் சின்ன உலோக கிளிப் வைப்பீர்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். கட்டி முழுதாகக் கரைந்தாலும் இடத்தைக் கண்டுபிடிக்க அது உதவும். அப்புறம், நான்கைந்து கீமோ போனதும் கட்டி கையில் தட்டுப்படாமல் போகலாம். ‘அதான் கரைந்துவிட்டதே, ஆபரேஷன் எதற்கு’ என்று வீட்டில் பேச்சு எழும். அந்தப் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். கண்ணுக்கும் கைக்கும் தெரியாத அணுக்கள் அங்கே மிஞ்சியிருக்கலாம். சர்ஜன் குறித்த தேதியில் அம்மாவை அழைத்துப் போங்கள்.