பார்த்துக்கொள்பவரின் உடல்

அன்புள்ள ஐயாவுக்கு,

எட்டு மாதங்களுக்கு முன் அப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மருந்து, சாப்பாடு எல்லாவற்றையும் அம்மா நேரம் தவறாமல் பார்த்துக்கொள்கிறார். அந்தக் கவலை இல்லை. ஆனால் அப்பாவுக்கும் தம்பிக்கும் தினமும் வாக்குவாதம். வீட்டுச் சண்டை உடலைப் பாதிக்கும் என்பது உண்மைதானா? தம்பி தனியாகப் போய்விடுவது நல்லதா? மூச்சுப் பயிற்சி உதவுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சண்டை உடலைத் தொடும் என்பதில் சந்தேகம் வேண்டாம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவருடைய குழுவினரும் 42 தம்பதிகளின் கையில் சிறு கொப்புளப் புண்களை உண்டாக்கி, ஒரு முறை ஆதரவாகவும் மறுமுறை தங்களுக்குள் இருக்கும் பிணக்கைப் பற்றியும் பேசவைத்தார்கள். பிணக்கைப் பற்றிப் பேசியபோது புண் ஆறக் கூடுதல் காலம் பிடித்தது. பகைமையோடு பேசிப் பழகிய தம்பதிகளுக்கு இன்னும் மெதுவாக ஆறியது. 2005இல் வெளிவந்த ஆய்வு இது. தம்பி எங்கே இருக்க வேண்டும் என்பதை நான் சொல்வது முறையல்ல. மூச்சுப் பயிற்சியை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யட்டும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 'அந்தக் கவலை இல்லை' என்ற வரி. அம்மா வருகிற ஒரே இடம் அது. அவருடைய வயது என்ன, இரவில் உறங்குகிறாரா, அவருக்கு ஏதேனும் நோய் உண்டா என்று ஒரு சொல்கூட இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், இதைக் கடுமையாகவே சொல்கிறேன்: நீங்கள் அப்பாவின் இதயத்தைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கும் அளவுக்கு நிம்மதியாக இருப்பதே, அம்மா தன் உடலைச் செலவழித்துக்கொண்டிருப்பதால்தான்.

என் பெரியப்பா பக்கவாதத்தில் படுத்த பிறகு பெரியம்மாதான் அவரைப் பார்த்துக்கொண்டார். ஏழு நாட்களுக்கும் மூன்று வேளைக்குமாகத் தடுப்புகள் வைத்த மாத்திரை டப்பா ஒன்று இருந்தது. ஞாயிறு மாலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு மூடியாகத் திறந்து, பாதி மாத்திரைகளைக் கத்தியால் வெட்டிப் போட்டு அதை நிரப்புவார். ஒரு வேளைகூடத் தவறியதில்லை. ஒருநாள் அவரே மயங்கி விழுந்தபோது அவருடைய மருந்தைத் தேடினோம். அந்த டப்பாவுக்கு அடியில், ரத்த அழுத்த மாத்திரை அட்டை ஒன்றில் இரண்டு மட்டும் கிழிக்கப்பட்டிருந்தன. கூடவே மடித்து வைத்திருந்த சீட்டில் முந்தைய ஆண்டின் தேதி. ஏன் மறுபடி போகவில்லை என்று கேட்டதற்கு, "நான் போய் ஆஸ்பத்திரியில உக்காந்தா இவரை யாருடா பாக்குறது?" என்றார். பெரியப்பாவைப் பார்க்க வந்த உறவினர் அத்தனை பேரும் பெரியம்மாவின் பொறுமையை வாயாரப் புகழ்ந்தார்கள். ஓர் இரவு அவருக்குப் பதிலாகக் கண்விழிக்க ஒருவரும் முன்வரவில்லை. அந்தப் புகழ்ச்சியின் மீது எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல. அதே கீகோல்ட்-கிளேசர் குழு 1995இல், மறதி நோயால் பாதிக்கப்பட்ட உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்களையும் அத்தகைய பொறுப்பில்லாத 13 பெண்களையும் ஒப்பிட்டது. ஒரே அளவிலான சிறு புண், பராமரிக்கும் பெண்களுக்கு ஆறச் சராசரியாக 9 நாட்கள் கூடுதலாயின. 1999இல் ரிச்சர்ட் ஷுல்ஸும் ஸ்காட் பீச்சும் வெளியிட்ட ஆய்வு இன்னும் கலங்கவைப்பது. வாழ்க்கைத் துணையைப் பராமரிப்பதில் மன உளைச்சலுக்கு ஆளான முதியவர்கள், நான்கு ஆண்டுகளில் இறக்கும் அபாயம், பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. பராமரித்தும் உளைச்சலுக்கு ஆளாகாதவர்களிடம் அந்தக் கூடுதல் அபாயம் காணப்படவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். பணிவிடை செய்வதே ஆளைக் கொன்றுவிடுவதில்லை. மாற்று ஆளில்லாமல், ஓய்வில்லாமல், பயத்தோடு ஒருவரே அதைச் செய்யும்படி விட்டுவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அதை மாற்றுவது உங்கள் கையிலும் உங்கள் தம்பியின் கையிலும் இருக்கிறது.

வாக்குவாதத்தைப் பற்றி எழுதும்போதும் நீங்கள் இருவரை மட்டுமே எண்ணியிருக்கிறீர்கள். அப்பாவுக்கும் தம்பிக்கும் நடுவே போய் நிற்பது யார்? இருவரும் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, இங்கொரு தட்டும் அங்கொரு தட்டுமாகச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சமாதானம் பேசுவது யார்? என் ஊகம் சரியென்றால், அந்தச் சண்டையின் பெரும் பங்கு வாயே திறக்காத மூன்றாவது உடலில்தான் போய்ச் சேர்கிறது.

இந்த வாரமே அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் பார்த்துவிடுங்கள். "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார், கேட்காதீர்கள். அன்று அப்பாவின் மாத்திரைகளைத் தம்பி எடுத்துக் கொடுக்கட்டும். எது எந்த வேளைக்கு என்று அவருக்குத் தெரியாவிட்டால், முந்தின நாளே அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும்.