கூத்துப் படம் யாருடையது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எனக்கு நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு கிராமம். புதுச்சேரியில் வேலை பார்க்கிறேன். அழிந்து வரும் தெருக்கூத்தைப் பற்றி, குறிப்பாக அதன் ஆட்டத்தைப் பற்றி, ஓர் ஆவணப்படம் எடுக்க நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்திருக்கிறோம். வெளியிலிருந்து வந்து எடுத்துக்கொண்டு போகிற படமாக இல்லாமல், ஊரும் கலைஞர்களும் சேர்ந்து எடுக்கும் படமாக இருக்க வேண்டும் என்பது ஆசை. கேமரா இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது, யாரிடம் அனுமதி கேட்பது, பணத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. படத்துக்கு வர்ணனை நீங்கள் எழுதித் தர முடியுமா?

க., புதுச்சேரி

அன்புள்ள க.,

‘அழிந்து வரும்’ என்பதை முதலில் அடித்துவிடுங்கள். பங்குனியிலிருந்து ஆடி வரை பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, பாகூர் பக்கம் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். திரௌபதி அம்மனுக்குக் கொடியேறிய ஊர்களில் பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை நடக்கிறது. திருவிழா இல்லாத நாளில்கூட சாவு வீட்டுக் காரியத்துக்குக் கர்ண மோட்சம் வைக்கிறார்கள். குறைந்து போனது வேறு: முகவீணை ஊதுகிற ஆள் கிடைப்பது அபூர்வம், அந்த இடத்தில் ஆர்மோனியம் உட்கார்ந்துவிட்டது. அப்படிக் குறிப்பாகச் சொன்னால் படத்துக்கு விஷயம் கிடைக்கும். கலையே சாகிறது என்று பொதுவாகச் சொன்னால், ராத்திரியெல்லாம் ஆடிவிட்டு வேஷம் கலைக்கிற மனிதருக்குக் கோபம்தான் வரும்.

இன்னொன்று. அந்த ஊர்களில் ஏற்கெனவே ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். கல்யாண வீடியோ எடுப்பவர். முழு ராத்திரிக் கூத்தை அப்படியே யூடியூபில் ஏற்றுகிறவர்களில் பலர் அவரைப் போன்றவர்கள்தான். உங்கள் நான்காவது ஆளாக அவரைச் சேருங்கள். எந்த இடத்தில் நின்றால் முன்வரிசைப் பாய்களில் இருக்கும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மறைக்காது, ஜெனரேட்டர் சத்தம் எங்கே கேட்காது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

இனி அனுமதி. உங்கள் கடிதத்தில் இதுதான் பெரிய கேள்வி. ஜமா, அதாவது கூத்துக் குழு, அதன் வாத்தியாரிடம் கேட்டாயிற்று, கோயில் தருமகர்த்தாவிடம் கேட்டாயிற்று, முடிந்தது என்று நினைக்காதீர்கள். அர்ச்சுனன் தபசு அன்றைக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே, பிள்ளை வரம் வேண்டி வந்த பெண்கள் ஈரப் புடவையோடு மரத்தைச் சுற்றிக் கிடப்பார்கள். மேலிருந்து எறியும் எலுமிச்சம்பழமும் விபூதியும் தங்கள் பக்கம் விழாதா என்று காத்திருப்பார்கள். கேமராக்காரனுக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. ஆனால் அந்த முகங்களைக் காட்ட வாத்தியார் அனுமதி தர முடியுமா? தருமகர்த்தாவால் முடியுமா? அந்தப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும். அதுவும் அந்த ராத்திரி அல்ல, சில நாள் கழித்து, எடுத்ததைப் போட்டுக் காட்டி, வேண்டாம் என்றால் அவர்கள் கண்முன்னே அழிக்கும் நிபந்தனையோடு.

இது புது யோசனை அல்ல. 1967இல் கனடாவின் ஃபோகோ தீவில் காலின் லோ என்ற இயக்குநர் இப்படித்தான் செய்தார். தீவு மக்களை வேறிடத்துக்குக் குடிபெயர்க்க அரசு யோசித்துக்கொண்டிருந்த நேரம். அவர்களைப் பேசவிட்டுச் சிறு சிறு படங்களாக எடுத்து, முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்டினார். அவர்கள் சம்மதித்த பிறகே வெளியே போனது. நம் நாட்டில் அகமதாபாத்தின் சேவா என்ற உழைக்கும் பெண்கள் சங்கம் 1984இல் காய்கறி விற்கிற பெண்கள் கையிலேயே வீடியோ கேமராவைக் கொடுத்தது. உங்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்து வேண்டும்: கேமரா ஜமாப் பிள்ளைகளிடமும் இருக்க வேண்டும், வெட்டும் உரிமை படத்தில் இருப்பவர்களிடமும் இருக்க வேண்டும்.

சட்டமும் கலைஞர் பக்கம்தான். பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தம் நிகழ்த்துகிறவருக்குத் தனி உரிமை கொடுத்தது. இப்போது அது 50 ஆண்டுக்கு உண்டு. ஆனால் படத்தில் சேர்க்க எழுத்துமூலம் சம்மதித்துவிட்டால், பிறகு அவர் படத்தைத் தடுக்க முடியாது. ஆகவே நீங்கள் நீட்டும் காகிதம் சாதாரணமானதல்ல. தமிழில் எழுதுங்கள், வாசித்துக் காட்டுங்கள், வருமானம் வந்தால் பங்கு என்ன என்பதையும் அதிலேயே சேருங்கள்.

ஊர் சேர்ந்து எடுக்கும் படம் என்கிறீர்கள். எந்த ஊர்? பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில், பட்டியலின மக்கள் உள்ளே வருவது பற்றிய தகராறில் 2023 ஜூனில் திரௌபதி அம்மன் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். கோயில் கமிட்டியை மட்டும் உட்காரவைத்து ‘ஊர் முடிவு’ எடுத்தால் உங்கள் படமும் அந்தக் கதவுக்கு உள்ளே நின்றுவிடும். காலனியில் தனியாக ஒரு கூட்டம் போடுங்கள். முதல் திரையிடலை இரு தரப்பும் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய பள்ளிக்கூட மைதானத்தில் வையுங்கள். பஞ்சாயத்தில் முணுமுணுப்பு வரும். வரட்டும்.

ஆட்டத்தைப் பற்றி எடுப்பதாகச் சொல்கிறீர்கள், அதனால் ஒரு வேண்டுகோள்: சட்டகத்தில் கால்களை வெட்டிவிடாதீர்கள். கூத்தைப் பிடிக்க வருகிறவர்கள் அரிதாரம் பூசிய முகத்தைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். மர அணிகள் பூணும் கட்டை வேஷக்காரர் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கட்டி, திரைக்குப் பின்னால் பாடி, திரை விலகியதும் கிறிக்கி சுற்றுகிறாரே, அப்போது பாவாடை விரிகிறது, சலங்கைக் கால் ஒரே இடத்தில் மண்ணைக் குடைகிறது, மிருதங்கக்காரர் கண் அந்தக் காலிலேயே இருக்கிறது. கால், பாவாடை, மிருதங்கம் மூன்றும் ஒரே சட்டகத்தில் வர வேண்டும். கேமராவைத் தாழ்வாக வையுங்கள், ஜூம் பக்கமே போகாதீர்கள். ஒலியை மைக்செட்காரரின் மிக்ஸரிலிருந்து நேராக எடுங்கள். குழாய் ஸ்பீக்கருக்கு எதிரே மைக் பிடித்தால் இரைச்சல்தான் மிஞ்சும். வெளிச்சத்துக்கு நீங்கள் தனியாக விளக்கு கொண்டுபோக வேண்டாம். சம்மணமிட்டுத் தூங்கி வழிகிற கிழவரின் முகத்தில் எல்இடி அடித்தால் அவர் எழுந்து போய்விடுவார்.

பணம்: பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் இந்த மாதிரி வேலைகளுக்கு உதவித்தொகை தருகிறது, விண்ணப்பியுங்கள். கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். ஒரு ஜமா, ஒரு ஊர், ஒரு திருவிழா போதும். தாம்பூலம் மாற்றித் தேதி வாங்கும்போதே நீங்களும் கூட இருந்தால், யார் எவ்வளவு தருகிறார், யார் தரவில்லை என்பது புரியும். ஜமாவைத் தனியாக உங்களுக்காக ஆடச் சொன்னால், அதற்கு ஒரு ராத்திரிக்குரிய முழுக் கூலியும் கொடுத்துவிடுங்கள்.

வர்ணனை நான் எழுத மாட்டேன். எடிட் முடிந்த படத்தை அந்த ஜமாவில் கட்டியங்காரன் என்ற கோமாளி வேஷம் கட்டுகிறவருக்குப் போட்டுக் காட்டி மைக்கைக் கொடுங்கள். ராஜாவையே நக்கல் செய்கிறவர், உங்களையும் உங்கள் கேமராவையும் விடமாட்டார். அதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.