‘நான் யார்’ என்று தெரிந்த பிறகுதான் வேலைக்குச் செல்ல வேண்டுமா?

மதிப்பிற்குரிய அம்மா,

எனக்கு வயது 22. முதுநிலைப் படிப்பின் கடைசிப் பருவத்தில் இருக்கிறேன். ஒன்றரை ஆண்டுக்கு முன் நூலகத்தில் தற்செயலாக எடுத்த ஒரு தத்துவ அறிமுக நூல் என்னை உலுக்கிவிட்டது. அதுவரை தேர்வு, மதிப்பெண், அடுத்த தேர்வு என்று ஓடிக்கொண்டிருந்த நான், இவையெல்லாம் யாருக்காக என்று முதல்முறையாகக் கேட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து கிரேக்கர்கள், பௌத்தம், ரமணர், பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் சார்த்தர் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன்.

ஒவ்வோர் இரவும் நோட்டுப் புத்தகத்தில் பக்கத்தின் உச்சியில் ‘நான் யார், எதற்காக வாழ்கிறேன்?’ என்று எழுதிவிட்டு, அதன் கீழே விடை எழுத முயல்கிறேன். மூன்றாவது நோட்டு முடியப்போகிறது. தொடக்கத்தில் பக்கம் பக்கமாக எழுதினேன். இப்போது பல பக்கங்களில் கேள்வி மட்டுமே இருக்கிறது. வாழ்க்கைக்கு முன்கூட்டியே வகுக்கப்பட்ட பொருள் இல்லை என்கிறது ஒரு நூல். ‘நான்’ என்று நிலையான ஒன்றே இல்லை என்கிறது மற்றொன்று. படிக்கும்போது இரண்டுமே சரியாகத் தோன்றுகின்றன; நூலை மூடியதும் வெறுமைதான் எஞ்சுகிறது.

நண்பர்களின் பேச்சு மேலோட்டமாகத் தோன்றுவதால் விலகிவிட்டேன். ‘நீ என்னோடு பேசுவதில்லை, என்னை ஆராய்கிறாய்’ என்றாள் நெருங்கிய தோழி ஒருத்தி. இரவு இரண்டு மணிக்கு முன் தூக்கம் வருவதில்லை. சென்ற வாரம் என் தங்கை, பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்று கேட்டாள். எனக்கும் காரணம் சட்டென்று பிடிபடவில்லை. இருவரும் தாளை மடித்தும் கிழித்தும் பார்த்ததில் ஒரு மணி நேரம் போய்விட்டது. இப்படிக் கவனத்தைச் சிதறவிட்டால் என் கேள்விக்கு எப்போது விடை காண்பது என்று பிறகு என்மீதே எரிச்சல் வந்தது.

ஒரு நிறுவனத்திலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. மாத இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும். வாழ்வின் நோக்கம் தெரியாமல் ஒரு வேலையை எப்படி ஒப்புக்கொள்வது? தத்துவம் படித்ததே தவறா? எனக்கு ஏதேனும் மனநோயா?

பெயர் குறிப்பிட விரும்பாத வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வாழ்வின் பொருளைப் பற்றிக் கேட்பது நோயாகாது. ஆனால், பின்னிரவு வரை தூக்கமின்மை, மனிதர்களிடமிருந்து விலகல், வெறுமை ஆகியவற்றை நீங்கள் சேர்த்தே எழுதியிருக்கிறீர்கள். மனம் சோர்ந்திருப்பதோ, எதிலும் நாட்டமில்லாமல் இருப்பதோ, பசியும் உறக்கமும் குலைந்த நிலையில் இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்தால், அது மனச்சோர்வு நோயா என்பதை ஒரு மனநல மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். எனவே நேரில் சென்று பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால்கூட நாள் கடத்தாமல் வீட்டாரிடம் சொல்லிவிட்டு, உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது, ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இன்னொரு கடிதம் எனக்கு நினைவுக்கு வந்தது. 1734-ஆம் ஆண்டில், 23 வயதை எட்டிக்கொண்டிருந்த ஸ்காட்லாந்து இளைஞர் ஒருவர் ஒரு மருத்துவருக்குத் தம் நிலையை விரிவாக எழுதினார். பதினெட்டு வயதில் தத்துவத்தில் வெறியோடு இறங்கியதையும், சில மாதங்களில் அந்த ஆர்வம் அணைந்துபோனதையும், அதன்பின் ஆண்டுக்கணக்கில் எதையும் ஒழுங்காக எழுதி முடிக்க இயலாமல் தவித்ததையும் அதில் சொல்லியிருந்தார். பின்னாளில் பெரும் தத்துவ அறிஞராக அறியப்பட்ட டேவிட் ஹியூம்தான் அவர். சாவு, வறுமை, அவமானம் ஆகியவற்றைத் தாங்க மனத்தைப் பழக்கும் சிந்தனைகள், செயலோடு கூடிய வாழ்க்கையில் மிகவும் பயன்படும் என்றும், தனிமையிலோ அவை எதிர்ப்பட ஒன்றுமில்லாமல், குறி தவறி வீசிய கையைப் போல, காற்றில் வீணாகின்றன என்றும் அதே கடிதத்தில் தம் நோயைத் தாமே கணித்திருந்தார். குறி தவறிய கை எவ்வளவு வலிக்கும் என்பது வீசியவருக்குத்தான் தெரியும். உங்கள் நோட்டின் வெற்றுப் பக்கங்கள் எனக்கு அப்படித்தான் தெரிகின்றன.

ஹியூம் தத்துவத்தை விட்டுவிடவில்லை. அதைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, பிரிஸ்டல் நகரில் ஒரு வணிகரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. சில மாதங்களில் விட்டுவிட்டார். ஆனால் அதையடுத்துப் பிரான்சுக்குச் சென்று அவர் எழுதத் தொடங்கிய நூல்தான் 1739-இல் வெளிவந்து, இன்றுவரை தத்துவ வகுப்புகளில் படிக்கப்படுகிறது. அந்த நூலில் ஒரு பகுதி உங்களுக்கு ஆறுதல் தரும். தமக்குள் எவ்வளவு ஆழ்ந்து நோக்கினாலும் வெப்பம், குளிர், விருப்பு, வெறுப்பு என ஏதோ ஓர் உணர்வுதான் அகப்படுகிறதேயன்றி, ‘நான்’ என்ற ஒன்று தனியாக அகப்படவில்லை என்கிறார் அவர். பௌத்தம், மனிதன் என்பது உடல், உணர்வு முதலான ஐந்து கூறுகளின் தொகுப்பே என்று ஐந்து கந்தங்களைச் சொல்லி இதற்கு நெருக்கமான முடிவுக்கு வெகுகாலம் முன்பே வந்திருந்தது. உள்ளே தேடியும் உங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், அதற்காக உங்களிடம் ஏதோ குறை என்று எண்ண வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உங்கள் நோட்டின் தலைப்பில் இருப்பவை இரண்டு கேள்விகள். ஒரே மூச்சில் கேட்பதால் ஒன்றுபோலத் தெரிகின்றன. ரமணரின் ‘நான் யார்’ என்ற விசாரணை, ‘நான்’ என்ற எண்ணம் எங்கிருந்து எழுகிறது என்று நோக்கச் சொல்வது. எந்த வேலையில் சேர்வது என்று முடிவுசெய்ய அதை அவர் தரவில்லை. ‘எதற்காக வாழ்கிறேன்’ என்பதோ, பிறரோடும் செயலோடும் பிணைந்த கேள்வி. அதற்குரிய விடையை அறையில் உட்கார்ந்து ‘கண்டுபிடிக்க’ முடியும் என்று சார்த்தர்கூடச் சொல்லவில்லை. மனிதன் தன் செயல்களால் தன்னை ஆக்கிக்கொள்கிறான் என்பதே அவருடைய வாதம். ஒரு கேள்விக்கான கருவியைக் கொண்டு மற்றொன்றைத் திறக்கப் பார்க்கிறீர்கள்.

உளவியலிலும் இப்படியொரு வேறுபாடு உண்டு. ஒன்றைப் புரிந்துகொண்டு அடுத்த அடி எடுத்துவைக்க உதவும் சிந்தனையையும், ஒரே இடத்தில் சுழன்று ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்று முடியும் அசைபோடலையும், மனச்சோர்வை ஆராய்ந்த சூசன் நோலன்-ஹோக்செமாவும் அவருடன் பணியாற்றியவர்களும் பிரித்துப் பார்த்தார்கள். பின்னது மனச்சோர்வை நீட்டிக்கிறது. இரண்டும் உள்ளிருந்து பார்க்கும்போது ‘ஆழமான சிந்தனை’ போலவே இருக்கும் என்பதுதான் தொல்லை. முன்பு பக்கம் நிறைய எழுதியவர் இப்போது கேள்வியை மட்டும் எழுதி நிறுத்துகிறீர்கள் என்றால், சிந்தனை எப்போதோ நின்று, சுழற்சி மட்டும் மிஞ்சியிருக்கிறது. நள்ளிரவில் அந்த நோட்டைத் திறக்காதீர்கள். படிப்பதற்குப் பகலில் ஒரு மணி நேரம் வையுங்கள். இயன்றால் இன்னொருவரோடு சேர்ந்து ஒரே நூலைப் படியுங்கள். அந்தத் தோழியிடமே கேட்டுப் பார்க்கலாம். அவர் சொன்னது கசப்பாக இருந்தாலும், உங்களைப் பற்றி அவ்வளவு துல்லியமாகக் கவனித்தவர் வேறு யாரும் உங்கள் கடிதத்தில் இல்லை.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றரை ஆண்டு வரலாற்றைப் பத்தி பத்தியாக எழுதியவர், மாத இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டிய அழைப்புக்கு ஓரிரு வரிகள்தான் ஒதுக்கியிருக்கிறீர்கள். என்ன வேலை, பிடிக்குமா பிடிக்காதா, யாரோடு பணிபுரிய வேண்டும் என்று ஒன்றையும் காணோம். என் ஊகம் தவறாகவும் இருக்கலாம்: பெரிய கேள்விக்கு விடை தெரியவில்லை என்பது, சிறிய முடிவை எடுக்காமலிருக்க வசதியான காரணமாகிவிட்டதோ? வேலையில் சேர்வது வாழ்வின் நோக்கத்தை முடிவுசெய்து கையெழுத்திடுவதாகாது. பிடிக்காவிட்டால் ஹியூமைப் போல விலகலாம். ‘சேர மாட்டேன்’ என்று எழுதினாலும் சரிதான். பதில் எழுதாமல் நாளைக் கடத்துவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம், நீங்கள் எரிச்சலோடு எழுதிய அந்த ஒரு மணி நேரம். ஆசிரியர் வேலைக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லோரும் கேள்வி கேட்காமல் மனப்பாடம் செய்யும் ஒரு விதியை ஒரு சிறுமி ‘ஏன்’ என்று கேட்கிறாள். நீங்கள் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அவளோடு தாளை மடித்துத் தேடுகிறீர்கள். சாக்ரட்டீஸ் சந்தைவெளியில் இளைஞர்களோடு செய்ததும் ஏறக்குறைய இதுதான். அந்த ஒரு மணி நேரத்தில் ‘நான் யார்’ என்ற கேள்வி உங்களைத் தொந்தரவு செய்ததாக நீங்கள் எழுதவில்லை.

மருத்துவரைப் பார்த்துவிட்டு, நிறுவனத்துக்குப் பதில் அனுப்பிவிட்டு, ஒரு மாதம் கழித்து மீண்டும் எழுதுங்கள். தலைகீழாக்கிப் பெருக்குவது ஏன் என்று தங்கைக்கு விளங்கியதா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். நீங்கள் அதைச் சொல்லாமலே விட்டுவிட்டீர்கள்.