மலேசியாவிலிருந்து ஒட்டுக்கன்று கொண்டுவரலாமா?

கேள்வி: என் மைத்துனர் மலேசியாவில் வேலை பார்க்கிறார். அடுத்த மாதம் திருவனந்தபுரம் விமான நிலையம் வழியாக வரும்போது ரம்புட்டான் ஒட்டுக்கன்றுகள் கொண்டுவருவதாகச் சொல்கிறார். வேரில் மண் இல்லாமல் கழுவிவிட்டால் தடை இல்லை என்கிறார்கள், சரிதானா? சென்ற முறை அவர் கொண்டுவந்த மரச்சீனிக் (மரவள்ளி) கம்பு எங்கள் விளையில் (தோட்டத்தில்) நன்றாக வளர்ந்து நிற்கிறது. (வாசகர், குலசேகரம்)

பதில்: சரியல்ல. மண் ஒட்டிய செடியை நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்பது உண்மைதான். அதற்காக, மண்ணைக் கழுவிய செடிக்கு அனுமதி தேவையில்லை என்று ஆகிவிடாது. 1914ஆம் ஆண்டின் அழிவுதரும் பூச்சிகள் சட்டத்தின்கீழ் 2003இல் பிறப்பிக்கப்பட்ட தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி, நடுவதற்கான கன்று, கம்பு, கிழங்கு எதுவானாலும் அது அந்த நாட்டிலிருந்து புறப்படும் முன்பே இங்கே இறக்குமதி அனுமதி பெற்றிருக்க வேண்டும். அந்நாட்டு அரசின் தாவரப் பாதுகாப்புத் துறை ஆய்வு செய்து வழங்கிய தாவர நலச் சான்றிதழும் கூடவே வரவேண்டும். குறிப்பிட்ட பயிர், குறிப்பிட்ட நாட்டிலிருந்து வருவதற்கு ஆணையின் அட்டவணைகளில் இடம்பெறாவிட்டால், பூச்சி, நோய் அபாய ஆய்வு முடிந்த பிறகே அனுமதி பற்றிய பேச்சு எழும். பயணப் பெட்டியில் வைத்து எடுத்துவரும் நான்கைந்து கன்றுகளுக்கு இவ்வளவும் நடைமுறையில் கைகூடாது. சோதனையில் பிடிபட்டால் கன்றுகளைப் பறிமுதல் செய்து அழித்துவிடுவார்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். கழுவும்போது போவது வெளியே இருக்கும் மண் மட்டுமே. வேருக்குள் புகுந்த நூற்புழுவும், சாற்றில் ஓடும் நச்சுயிரியும், மொட்டின் இடுக்கில் பதுங்கிய மாவுப்பூச்சியும் அப்படியே இருக்கும். அதனால்தான் உங்கள் கேள்வியில் ரம்புட்டானைவிட, நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்ட மரச்சீனிக் கம்பு என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரச்சீனி மாவுப்பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவுக்கும் 2008இல் தாய்லாந்துக்கும் போய்ச் சேர்ந்தது. 2020இல் கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டது. இந்த இனத்தில் பெண் பூச்சி ஆணின் துணையின்றியே நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும் என்பதால், கம்பின் கணுவில் ஒட்டிவரும் ஒரே ஒரு பூச்சி போதும், ஒரு வட்டாரத்தின் பயிரே பாழாகும். அதைக் கட்டுப்படுத்த ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அந்தப் பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்துத் தமிழ்நாட்டு வயல்களில் விட வேண்டியிருந்தது.

நம் குமரி மாவட்டத்துக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். இங்கே ஒரே விளையில் தென்னை, வாழை, மரச்சீனி, நல்லமிளகு எல்லாம் நெருங்கி நிற்கின்றன. அடுத்தவர் விளைக்கு இடையில் பெரும்பாலும் ஒரு வேலிதான். உங்கள் ஊரைச் சுற்றியுள்ள ரப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்க இலைக்கருகல் நோய் அந்தக் கண்டத்தில் ரப்பர்த் தோட்டங்களையே தலையெடுக்க விடாமல் செய்தது. ஆசியாவுக்கு அது இன்றுவரை வரவில்லை. அப்படி வராமல் இருப்பதால்தான் குலசேகரத்தில் இன்றும் பால் வெட்டுகிறார்கள்.

ரம்புட்டானுக்கு நீங்கள் கடல் தாண்ட வேண்டியதே இல்லை. தென்கிழக்காசிய வகைகளின் ஒட்டுக்கன்றுகளைக் கேரள நாற்றங்கால்கள் பல ஆண்டுகளாகவே விற்கின்றன. நம் மண்ணுக்கும் மழைக்கும் எது ஒத்துவரும் என்பதைப் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். மரச்சீனிக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் ரகங்கள் இருக்கின்றன; ஸ்ரீ ஜெயா, ஸ்ரீ விஜயா இரண்டும் குறுகிய காலத்தில் விளைபவை, ஸ்ரீ ரக்ஷா தேமல் நோயைத் தாங்குவது.

இனி, விளையில் நிற்கும் அந்த மரச்சீனி மூடுகள் (செடிகள்). அவற்றிலிருந்து ஒரு கம்புகூட உறவினருக்கோ அயலாருக்கோ கொடுக்காதீர்கள். வாரம் ஒருமுறை நுனிக் குருத்தை விரித்துப் பாருங்கள்: இலைகள் சுருண்டு கொத்தாகக் குவிந்து, கணுக்களுக்கு இடையிலான தண்டு குட்டையாகி முறுக்கிக்கொண்டு, இலைகளின் அடிப்பக்கத்தில் வெள்ளை மாவு படிந்த இளஞ்சிவப்புப் பூச்சிகள் தெரிந்தால் அது மாவுப்பூச்சிதான். இலையில் மஞ்சள் திட்டுகளும் நெளிவும் இருந்தால் தேமல் நோய் என்று சந்தேகிக்கலாம். இவற்றில் எது தென்பட்டாலும் செடியைப் பிடுங்கி எங்கும் கொண்டுபோகாமல், படம் எடுத்து வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் காட்டுங்கள். வெளிநாட்டுக் கம்பு என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்கள் அழிக்கச் சொன்னால் அந்த விளையிலேயே தீயிட்டு எரித்துவிடுங்கள். எந்த அறிகுறியும் இல்லையென்றாலும் கிழங்கு பறித்த பிறகு தண்டை மறுநடவுக்கு வைக்க வேண்டாம், அதையும் எரித்துவிடுங்கள்.