கணினிக் கேள்விகள்: பேக்ட்ரேஸ் முழுக்கக் கேள்விக்குறியா?

கேள்வி: படங்களை வாசிக்கும் ஒரு சின்ன சி லைப்ரரியை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டு வருகிறேன். ரிலீஸ் பில்டோடு (வெளியிடுவதற்காகக் கம்பைல் செய்த ஃபைல்) டீபக் சிம்பல்களும் (மெமரி முகவரிகளை ஃபங்ஷன் பெயர், வரி எண்களோடு இணைக்கும் தகவல்) வேண்டும் என்று ஒருவர் விடாமல் கேட்கிறார். சோர்ஸ்தான் திறந்தே கிடக்கிறதே, தானே கம்பைல் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா? (வாசகர், கோவை)

பதில்: விட்டுவிடாதீர்கள். நியாயம் அவர் பக்கம்தான்.

அவர் கேட்பது பெரும்பாலும் ஒரு கிராஷைத் துருவுவதற்காகத்தான் இருக்கும். அவருடைய சர்வரில் விழுந்தது இனிமேல் அவர் கம்பைல் செய்யப்போகும் லைப்ரரி அல்ல, நீங்கள் கம்பைல் செய்து கொடுத்தது. நான் பல வருடமாக சப்போர்ட் பிரிவில் இருக்கிறவன், அந்த எரிச்சல் எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் அனுப்பிய கோர் டம்ப்பை (கிராஷ் ஆன நேரத்து மெமரியின் நகல்) ஜிடிபி என்ற டீபக்கரில் திறந்து பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்து அங்கே வந்தது என்ற பட்டியல்) கேட்டால், எங்கள் புரோகிராமின் ஃபங்ஷன்கள் பெயரும் வரி எண்ணுமாக வரும். வெளியிலிருந்து வாங்கிப் போட்ட லைப்ரரிக்குள் நுழைந்த இடத்தில் ஒரு நீளமான முகவரி, பக்கத்தில் இரண்டு கேள்விக்குறி. அடுத்த வரியிலும் அதே. அதற்கடுத்த வரியிலும் அதே. சிம்பல் ஃபைல் கையில் இருந்தால் அதே இடத்தில் ஃபங்ஷன் பெயர், சோர்ஸ் ஃபைல், வரி எண் மூன்றும் வந்துவிடும். ரிலீஸ் பில்ட் என்பதால் சில மாறிகளின் மதிப்பைக் கேட்டால் 'ஆப்டிமைஸ்டு அவுட்' (வேகத்துக்காகக் கம்பைலர் நீக்கிவிட்டது) என்று கையை விரிக்கும். சரி, போகட்டும். எந்த வரியில் விழுந்தது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

அவரே கம்பைல் செய்தால் ஏன் போதாது? கம்பைலரின் வெர்ஷனோ ஒரே ஒரு ஆப்ஷனோ மாறினால்கூடப் போதும், எந்தச் சின்ன ஃபங்ஷன் எதற்குள் இன்லைன் ஆகிறது (அப்படியே பதிக்கப்படுகிறது) என்பது மாறி, முகவரிகள் எல்லாம் தள்ளிப்போகலாம். அப்புறம் உங்கள் பில்டில் விழுந்த கோர் டம்ப்புக்கும் அவருடைய புது பில்டுக்கும் சம்பந்தமே இருக்காது. இதைப் பிடிக்கத்தான் பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களில் லிங்க்கர் (கம்பைல் ஆன துண்டுகளை ஒரே ஃபைலாக இணைக்கும் கருவி) ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் ஒரு பில்ட் ஐடியை எழுதிவைக்கிறது. வழக்கமாக 40 இலக்கம் கொண்ட பதினாறடிமான எண் அது. சிம்பல் ஃபைலிலும் அதே ஐடி இருந்தால்தான் ஜோடி சேரும். விண்டோஸின் சிம்பல் ஃபைலான பிடிபிக்கும் இதே கதைதான், அடையாள எண் ஒத்துப்போகாவிட்டால் டீபக்கர் அதை ஏற்காது. ஆகவே சிம்பலை எடுத்து வைக்க வேண்டிய நேரம் ரிலீஸ் பில்ட் ஓடுகிற அந்த நேரம்தான். ஆறு மாதம் கழித்து யாராவது கேட்கும்போது செய்துகொள்ளலாம் என்றால் கிடைக்காது.

கேள்வி: 'மைனஸ் ஜி' (சிம்பல்களை உருவாக்கச் சொல்லும் கம்பைலர் ஆப்ஷன்) போட்டால் வேகம் குறையாதா? ஃபைலும் ஊதிப்போகுமே? (வாசகர், மதுரை)

பதில்: டீபக் பில்டையும், சிம்பல் உள்ள ரிலீஸ் பில்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். வேகத்தைத் தின்பது ஆப்டிமைசேஷனை அணைத்துவிடுவதும், அசெர்ட்களை (புரோகிராம் ஓடும்போதே நடக்கும் சோதனைகள்) அப்படியே விட்டுவைப்பதும். ஜிசிசி கம்பைலரில் மைனஸ் ஜி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மெஷின் கோட்தான் வர வேண்டும். மாறினால் அது கம்பைலரின் பிழை, அதைச் சோதித்துப் பார்க்கவே தனி ஆப்ஷன் வைத்திருக்கிறார்கள். டீபக் தகவல் புரோகிராம் ஓடும்போது மெமரியில் ஏறுவதும் இல்லை.

ஃபைல் ஊதுவது என்னவோ உண்மை. சி பிளஸ் பிளஸில் டெம்ப்ளேட்டாக எழுதித் தள்ளியிருந்தால் பல மடங்கு ஊதும். அதனால்தான் பிரித்து வைக்கிறோம். மைனஸ் ஜியோடு கம்பைல் செய்யுங்கள், ஆப்ஜ்காப்பி என்ற கருவியில் 'ஒன்லி கீப் டீபக்' கொடுத்து சிம்பலை மட்டும் தனி ஃபைலாக எடுங்கள், பிறகு லைப்ரரி ஃபைலை ஸ்ட்ரிப் செய்யுங்கள் (அதிலிருந்து சிம்பலை நீக்குங்கள்). கடைசியில் 'ஆட் க்னூ டீபக்லிங்க்' போட்டால் சிம்பல் ஃபைலின் பெயர் லைப்ரரி ஃபைலுக்குள் பதிவாகிவிடும். எல்லோரும் இறக்குவது பழைய அளவில்தான் இருக்கும், வேண்டியவர் மட்டும் பெரிய ஃபைலை எடுத்துக்கொள்வார்.

சீமேக் (பில்டை அமைத்துத் தரும் கருவி) ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'ரெல்வித்டெப்இன்ஃபோ' என்பது 'ரிலீஸ்' கூட்டல் சிம்பல் என்று பலர் நினைக்கிறார்கள். ஜிசிசியில் ரிலீஸுக்கு ஆப்டிமைசேஷன் அளவு ஓ3, இதற்கு அதைவிடக் குறைவான ஓ2. வேகம் குறைந்தது என்று சிம்பலைத் திட்டுகிறவர்கள் இதை ஒருமுறை பார்க்கட்டும். ரிலீஸையே வைத்துக்கொண்டு மைனஸ் ஜியை மட்டும் சேர்த்தால் தீர்ந்தது. விண்டோஸ் லிங்க்கரிலும் இப்படி ஒன்று உண்டு. 'டீபக்' ஆப்ஷன் கொடுத்த உடனே, பயன்படாத ஃபங்ஷன்களைக் களைகிற வேலையை அது தானாக நிறுத்திவிடும். 'ஆப்ட் ரெஃப்', 'ஆப்ட் ஐசிஎஃப்' இரண்டையும் நீங்களே எழுதிச் சேர்க்க வேண்டும்.

கேள்வி: டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் விநியோகங்கள் எல்லாம் சிம்பல்களைத் தாங்களே தருகின்றனவே. நான் ஏன் மெனக்கெட வேண்டும்? (வாசகர், சென்னை)

பதில்: தருகிறார்கள், நன்றாகவே தருகிறார்கள். டெபியனில் 2015 கடைசியிலிருந்து 'டிபிஜிசிம்' என்ற சிம்பல் பேக்கேஜ்கள் தானாகவே உருவாகின்றன. 2019இல் எல்ஃப்யூட்டில்ஸ் என்ற கருவித் தொகுப்போடு 'டீபக்இன்ஃபோடி' என்ற சர்வர் வந்தது. பில்ட் ஐடியைச் சொல்லிக் கேட்டால் சர்வரே சிம்பலை அனுப்பிவிடும், ஜிடிபி இதைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆனால் அவர்கள் தருவது அவர்கள் கட்டிய பில்டுக்கான சிம்பல். உங்கள் ரிலீஸ் பக்கத்திலிருந்து நேராக இறக்கியவருக்கு அது உதவாது, அவருக்கு நீங்கள்தான் தர வேண்டும். ரிலீஸ் பக்கத்தில் லைப்ரரி ஃபைலுக்குப் பக்கத்திலேயே, வெர்ஷன் எண்ணோடு இன்னொரு ஜிப் போதும்.

இன்னொன்று: உங்கள் மேக்ஃபைலில் (பில்ட் கட்டளைகள் உள்ள ஃபைல்) நீங்களாகவே ஸ்ட்ரிப் செய்து வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் டெபியன்காரர் எடுக்கும் சிம்பல் பேக்கேஜில் ஒன்றும் தேறாது. அவர் முதல் வேலையாக உங்கள் மேக்ஃபைலில் பேட்ச் போட வேண்டியிருக்கும்.

கேள்வி: சிம்பலைக் கொடுத்தால் ரகசியம் எதுவும் வெளியே போகுமா? (வாசகர், திருச்சி)

பதில்: சோர்ஸையே கொடுத்தாயிற்று, அப்புறம் என்ன ரகசியம்? கம்பைல் செய்த ஃபோல்டரின் முழுப் பாதையும் உள்ளே பதிவாகும், அவ்வளவுதான். சொந்த லேப்டாப்பில் பில்ட் செய்தால் உங்கள் லாகின் பெயரும் அதில் சேரும். ஜிசிசி 8 முதல் 'ஃபைல் பிரிஃபிக்ஸ் மேப்' என்ற ஆப்ஷன் இருக்கிறது. அதில் பழைய பாதைக்குப் பதிலாக ஒரு புள்ளியைக் கொடுத்தால் போதும். ஃபோல்டருக்கு 'புதுசு ஃபைனல் 2' என்று பெயர் வைத்திருப்பதும் வெளியே தெரியாது.